அணைத்த விளக்கில் அணையாத மின்சாரம்

நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் வந்த வரலாறு மிக நீண்டதன்று. 1932-ஆம் ஆண்டில் பைக்காராவிலும், 1937-ஆம் ஆண்டில் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. 1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் மாநில மின்சார வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. அதன்பின் கம்பங்களும் கம்பிகளும் சிற்றூர்களுக்கு விரைந்து பரவின. அந்நாளில் நமது பெரியோர் மின்சாரத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட முதற்பாடம் மிக எளியது. சுவிட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரியும். மேலே தள்ளினால் அணையும். அணைந்த விளக்கைத் தொடலாம்.

இப்பாடத்தின் கடைசிப் பகுதியை நாம் மறந்தாக வேண்டும். அது என்றுமே முழு உண்மையாக இருந்ததில்லை. எனினும், பழைய சுவிட்சும் குண்டு பல்பும் இருந்தவரையில் அதன் பிழை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. இன்று எல்.இ.டி. விளக்குகளும், கைபேசியால் இயக்கத்தக்க ‘ஸ்மார்ட்’ சுவிட்சுகளும் பட்டணத்து வீடுகளிலிருந்து ஊராட்சி அலுவலகங்கள் வரையில் வந்துவிட்டன. அவற்றோடு புதியதொரு புகாரும் வந்திருக்கிறது. “சுவிட்சை அணைத்தும் விளக்கு மங்கலாக எரிகிறது, தொட்டால் சுருக்கென்கிறது, இது ஏன்?” என்று பலர் வினவுகின்றனர். இதன் காரணங்களையும், கண்டறியும் முறையையும், செய்யவேண்டுவனவற்றையும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மயிலையில் கண்டது

ஐப்பசி மழைக்காலமொன்றில் அலுவல் நிமித்தமாகச் சென்னைக்குச் சென்றபோது, மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் திருக்குளத்துக்கு அருகேயுள்ள உறவினர் இல்லத்தில் தங்கினோம். அது முற்றமும் திண்ணையும் உடைய பழைய வீடு. மரப்பட்டையின்மேல் கம்பி ஓட்டிய காலத்து மின்னமைப்பு, தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக மாற்றப்பட்டிருந்தது. வீட்டுப் பிள்ளை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்த புதுவகைச் சுவிட்சு ஒன்றைக் கூடத்து விளக்குக்குப் பொருத்தியிருந்தார்.

இரவு விளக்குகளை அணைத்தபின் கூடத்து விளக்கு மின்மினியைப்போல் மினுக்கிக்கொண்டிருந்தது. பின்கட்டில் கிணற்றடி விளக்கும் மங்கலாக ஒளிர்ந்தது. “இரவில் எழுந்து நடக்க வசதியாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார் அத்தை. மறுநாள் கிணற்றடி விளக்கை மாற்றுவதற்காக, சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் தரையில் இரும்பு முக்காலியிட்டு ஏறிய வேலையாள், கை ஹோல்டரில் பட்டதும் அலறிக் கீழே விழுந்தார். நற்பேறாக அது சிராய்ப்போடு போயிற்று.

அனுபவமிக்க கம்பியாள் ஒருவர் வந்து அரை மணி நேரத்தில் உண்மையைக் கண்டார். கூடத்து விளக்கு மினுக்கியதற்குக் காரணம் புதுச் சுவிட்சு; அது அந்தச் சுவிட்சின் இயல்பு. கிணற்றடி விளக்குக்கோ பழைய சுவிட்சுதான் இருந்தது. ஆனால், எப்பொழுதோ நடந்த பழுது வேலையில், மின்சாரத்தைக் கொண்டுவரும் ‘பேஸ்’ கம்பிக்குப் பதிலாக, திரும்பிச் செல்லும் ‘நியூட்ரல்’ கம்பி சுவிட்சில் கட்டப்பட்டிருந்தது. ஆகவே, சுவிட்சை அணைத்த நிலையிலும் ஹோல்டரில் 230 வோல்ட்டு மின்னழுத்தம் முழுமையாக நின்றது.

முன்னது தொல்லை, பின்னது எமன். ஆயினும், இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றின. மங்கலாக எரியும் விளக்கு நமக்கு எச்சரிக்கையைத் தருகிறதேயன்றி, காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தை நாம்தான் முறையாகத் தேடிக் காணவேண்டும்.

மடையும் காவற்காரனும்

பழைய சுவிட்சு வாய்க்காலின் மடைப்பலகையை ஒத்தது. பலகையை இறக்கினால் நீர் நிற்கும், தூக்கினால் பாயும். உள்ளே இரு உலோகத் துண்டுகள் பிரிவதும் சேர்வதுமே அதன் வேலை. அதற்கு வேறு ஊட்டம் தேவையில்லை.

புதுவகைச் சுவிட்சோ, மடையில் காவற்காரன் ஒருவனை அமர்த்தியதைப் போன்றது. வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ நீங்கள் கைபேசியில் இடும் கட்டளைக்காக அது இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பவனுக்கு உணவு வேண்டும். சுவிட்சுப் பலகையில் பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளும் இருந்தால், அது தன் உணவைத் தனி வழியில் பெற்றுக்கொள்ளும். விளக்கைத் தொல்லை செய்யாது. நியூட்ரல் கம்பி இல்லாத இடத்துக்கென்று செய்யப்பட்ட சுவிட்சு என்ன செய்யும்? விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்சாரத்தை ஓடவிட்டு, அதில் தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும். நீங்கள் விளக்கை அணைத்தாலும் இந்த ஓட்டம் நிற்பதில்லை.

நமது நாட்டில் சுவிட்சுப் பலகைகளில் பெரும்பாலும் பிளக் செருகும் துளையும் இருக்கும். அத்தகைய பலகையில் நியூட்ரல் கம்பி கட்டாயம் வந்திருக்கும். ஒரே சுவிட்சு மட்டும் உள்ள மாடிப்படி, குளியலறை வாயில், வராந்தா முதலிய இடங்களில்தான் அது பெரும்பாலும் இராது. மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பழைய வீடுகளானாலும், நமது ஊர்களின் ஓட்டு வீடுகளானாலும் நிலைமை ஒன்றே.

முன்பு ஏன் தெரியவில்லை?

60 வாட்டு குண்டு பல்பு எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சில மில்லி ஆம்பியர் ஓட்டம் அதன் இழையைச் சற்றும் சிவக்கச் செய்யாது. 9 வாட்டு எல்.இ.டி. விளக்குக்கோ முழு ஒளி தரவே 40 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பகுதி கிடைத்தாலும் சில விளக்குகள் மங்கலாக ஒளிரும். வேறு சில விளக்குகளின் உள்ளே சிறிய கண்டென்சர் உண்டு. கசியும் மின்சாரம் அதில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, குடம் நிறைந்ததும் கவிழ்வதுபோல் ஒருமுறை பளிச்சிட்டு அணையும், மீண்டும் சேரும், மீண்டும் பளிச்சிடும். இதுவே ‘மினுக்கு’ நோயின் இரகசியம்.

‘மீட்டர் ஓடுமா?’ என்பது விவசாயி கேட்கும் நியாயமான கேள்வி. விழித்திருக்கும் சுவிட்சு அரை வாட்டு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், இரு மாதத்துக்கு முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். எனவே இது பணத்தைப் பற்றிய பிரச்சினையன்று, பாதுகாப்பைப் பற்றியது.

ஐந்து காரணங்கள்

அணைத்த விளக்கில் மின்னழுத்தம் தோன்றுவதற்கு ஐந்து காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, மேலே விளக்கிய நியூட்ரல் இல்லாத மின்னணுச் சுவிட்சு. நியூட்ரல் உள்ள சுவிட்சுகளிலும், உள்ளே தீப்பொறியைத் தடுக்க வைத்திருக்கும் சிறு கண்டென்சர் வழியாக ஓரளவு கசிவு இருக்கலாம். 0.1 மைக்ரோ பாரட் கண்டென்சர் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 7 மில்லி ஆம்பியரைக் கடத்திவிடும்.

இரண்டாவது, இருட்டில் சுவிட்சு தெரிவதற்காக அதன் முகப்பில் வைக்கப்படும் சிறு சிவப்பு விளக்கு. அதுவும் தன் மின்சாரத்தைப் பெரிய விளக்கின் வழியாகவே பெறுகிறது.

மூன்றாவது, கம்பிகளின் அண்மை. ஒரே குழாயில் பேஸ் கம்பியும், அணைந்துள்ள கம்பியும் நெடுந்தூரம் பக்கம் பக்கமாகச் சென்றால், தொடாமலே சிறிதளவு மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். 10 மீட்டர் நீளத்தில் இது ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மேலும் கீழும் சுவிட்சு வைத்த மாடிப்படி விளக்குகளில் இதனை அடிக்கடி காணலாம்.

நான்காவது, சுவிட்சில் நியூட்ரல் கம்பியைக் கட்டிய பிழை. இது ஒரே விளக்கில் இருக்கலாம். அல்லது மெயின் பலகையிலோ, யு.பி.எஸ். இணைப்பிலோ இரு கம்பிகளும் இடம் மாறியதால் வீடு முழுவதும் இருக்கலாம். நியூட்ரல் கம்பியைத் தனியே துண்டிக்கும் சுவிட்சு வைக்கலாகாது என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே கூறப்பட்ட கட்டளை. இன்று நடைமுறையிலுள்ள மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதனையே வலியுறுத்துகின்றன.

ஐந்தாவது, ஈரமும் பழுதுபட்ட காப்புறையும். மயிலை, சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர் முதலிய கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று ஹோல்டர்களிலும் சுவிட்சுகளிலும் படிகிறது. வடகிழக்குப் பருவமழையில் சுவர் நனைந்ததும் அவ்வுப்பு மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. உள்நாட்டுக் கிராமங்களில் ஒழுகும் கூரையும், எலி கடித்த கம்பியும் இதே வேலையைச் செய்கின்றன. மழைக்காலத்தில் மட்டும் விளக்கு மினுக்கினால் இக்காரணத்தையே முதலில் ஐயுறவேண்டும்.

உடலுக்கு என்ன நேரும்?

அரை மில்லி ஆம்பியர் அளவில் மனிதர் மின்சாரத்தை உணரத் தொடங்குகின்றனர். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த பொருளை விடமுடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் மார்பின் வழியே சென்றால் உயிருக்கே அபாயம். முதல் மூன்று காரணங்களில் கசிவு இயல்பாகவே சிறியது, சுருக்கென்பதோடு நிற்கக்கூடும். ஆனால் அந்தச் ‘சுருக்கு’ ஏணியின் உச்சியில் நிற்பவனைத் தள்ளிவிடப் போதுமானது. நான்காவது காரணத்தில் அளவுக்கு வரம்பே இல்லை. ஈரக் கையும் வெறுங்காலும் சேர்ந்தால் அது ஆளையே கொல்லும்.

கண்டறியும் முறை

இனி, படிப்படியாகச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். பலகையைத் திறந்து செய்யும் சோதனைகளை உரிமம் பெற்ற கம்பியாளே செய்தல் வேண்டும். வீட்டார் பார்வையாலும் விசாரணையாலும் அவருக்கு உதவலாம்.

1. முதலில் விசாரியுங்கள். மினுக்கல் எப்போது தொடங்கியது? சுவிட்சை மாற்றிய பின்னரா, விளக்கை மாற்றிய பின்னரா, யு.பி.எஸ். வைத்த பின்னரா, மழை தொடங்கிய பின்னரா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

2. சுவிட்சின் முகப்பில் சிறு சிவப்பு விளக்கு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது காரணத்துக்கு இடமுண்டு. ஆனால் அதைக் கண்டதோடு சோதனையை நிறுத்திவிடலாகாது.

3. சுவர்ப் பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். நமக்கு எதிரே உள்ள மூன்று துளைப் பிளக்கில் மேலே உள்ளது எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல். இடப்புறத் துளையில் டெஸ்டர் ஒளிர்ந்தால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன என்று கொள்ளலாம். பல பிளக்குகளிலும் அப்படியே இருந்தால் கோளாறு மெயின் பலகையில் இருக்கக்கூடும்.

4. அடுத்தது முக்கியமான சோதனை. கம்பியாள் சுவிட்சுப் பலகையைத் திறந்து, விளக்கை எரியவிட்ட நிலையில், சுவிட்சின் இரு முனைகளிலும் டெஸ்டரை வைக்கவேண்டும். இரண்டிலும் டெஸ்டர் ஒளிர்ந்தால் சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்கிறது, அது முறையானது. விளக்கு எரிந்தும் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் ஒளிராவிட்டால், சுவிட்சு நியூட்ரல் கம்பியில் இருக்கிறது. மேற்கொண்டு எதனையும் ஆராயாமல் இப்பிழையை அன்றே திருத்திவிட வேண்டும். மின்னணுச் சுவிட்சானால், விளக்குக்குச் செல்லும் முனையில் இதே சோதனையைச் செய்யலாம்.

விளக்கு அணைந்த நிலையில் ஹோல்டரில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது போதாதா என்று கேட்கலாம். போதாது. டெஸ்டருக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும் ஆதலால், வெறுங் கசிவிலும் அது ஒளிரும். முழு மின்னழுத்தத்திலும் ஒளிரும். எனவேதான் எரியும் நிலையில் சோதிக்கச் சொல்கிறோம்.

5. சுவிட்சு முறைப்படி பேஸ் கம்பியில் இருந்தால் கசிவின் தன்மையை ஆராயவேண்டும். அணைந்த ஹோல்டரில் எண்காட்டும் மீட்டரை வைத்தால் 60 அல்லது 80 வோல்ட்டு என்று காட்டலாம். இதைக் கண்டு திகைக்க வேண்டா. அம்மீட்டர் மிகமிகச் சிறிய மின்னோட்டத்திலேயே அழுத்தத்தைக் காட்டிவிடும். அதே இடத்தில் ஒரு பழைய குண்டு பல்பையும் சேர்த்து இணைத்தால், அழுத்தம் ஏறக்குறையச் சூனியமாக இறங்கிவிடும். அவ்வாறு இறங்கினால் அது வலுவற்ற கசிவு. முதல் மூன்று காரணங்களுள் ஒன்று. இறங்காவிட்டாலோ, பல்பே எரிந்துவிட்டாலோ, வலுவான மின்வழி எங்கோ இருக்கிறது என்று பொருள்.

6. ஈரத்தால் வந்த கசிவென்று ஐயமிருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 500 வோல்ட்டு ‘மெக்கர்’ கருவியால் கம்பிகளின் காப்புத் திறனை அளக்கவேண்டும். ஒரு மெகா ஓம் அளவுக்குக் கீழே இறங்கினால் அக்கம்பியை நம்பலாகாது. மெக்கர் வைக்குமுன் மின்னணுச் சுவிட்சுகளையும் எல்.இ.டி. விளக்குகளையும் கழற்றிவிட வேண்டும்; இல்லையேல் அவை பழுதாகிவிடும்.

தீர்க்கும் முறை

நியூட்ரல் இல்லாத மின்னணுச் சுவிட்சுக்குச் சிறந்த மருந்து, பலகைக்கு நியூட்ரல் கம்பி ஓட்டி, நியூட்ரல் இணைப்புள்ள சுவிட்சைப் பொருத்துவதே. அக்கம்பி அதே விளக்குச் சுற்றைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். பக்கத்து அறையின் வேறு சுற்றிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கினால், கசிவைத் தடுக்கும் கருவி அடிக்கடி விழும். அதைவிடக் கொடுமை, ஒரு சுற்றை நிறுத்திவிட்டு வேலை செய்பவருக்கு மற்றொரு சுற்றின் மின்சாரம் நியூட்ரல் வழியாக வந்து தாக்கலாம்.

கம்பி ஓட்ட இயலாத இடத்தில், அச்சுவிட்சைச் செய்தவரே அதற்கெனத் தரும் ‘பைபாஸ்’ துண்டை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே கட்டலாம். கசியும் மின்சாரம் விளக்கை விட்டு அதன் வழியே சென்றுவிடும். இரண்டாவது, மூன்றாவது காரணங்களுக்கும் இதுபோன்ற துண்டு பயன்படும். மின்விசிறியில் இருந்து கழற்றிய கண்டென்சரை அதற்குப் பதிலாகக் கட்டிவிடுவது சிலரது வழக்கம். அது தீ விபத்துக்கு வழிகோலும். பைபாஸ் துண்டும் கிடைக்காவிட்டால் சாதாரணச் சுவிட்சையே திரும்பப் பொருத்திவிடுவது நலம்.

எதற்கும் அடிப்படையாக இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, நல்ல எர்த் இணைப்பு. அது விளக்கின் மினுக்கலை நிறுத்தாது. ஆனால் உலோக உடலில் மின்சாரம் ஏறினால் ஆளைக் காக்கும். மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தியும் விழாத கருவி சுவரில் தொங்கும் அலங்காரப் பொருளேயன்றி வேறன்று.

மீட்டர் வரையிலான பழுதுகளை மின் பகிர்மானக் கழகம் கவனிக்கும். 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மின்னகம்’ சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் முறையிடலாம். மீட்டருக்கு அப்பாலுள்ள கம்பிகளுக்கு வீட்டுக்காரரே பொறுப்பு. கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளையே வேலைக்கு அமர்த்துவது வீட்டுக்காரரின் கடமையாகும்.

ஊராட்சிகளுக்கு ஒரு வார்த்தை

பட்டணத்து வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று உறுப்பினர்கள் எண்ணலாகாது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பொதுச் சாலைகளுக்கு விளக்கிடுவதைக் கிராம ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. இன்று எல்.இ.டி. தெருவிளக்குகளும், நேரம் பார்த்தோ வெளிச்சம் பார்த்தோ தாமே இயங்கும் சுவிட்சுகளும் ஊராட்சிகளில் பொருத்தப்படுகின்றன. பகலில் விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பி, நமது பணியாளர் கம்பத்தில் ஏறுவாரானால், மயிலையில் முக்காலியிலிருந்து விழுந்தவருக்கு நேர்ந்ததைவிடப் பெருங்கேடு நேரலாம். தெருவிளக்குக் கம்பி அணைந்திருந்தாலும், அதே கம்பத்தில் வீடுகளுக்குச் செல்லும் கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மின் பகிர்மானக் கழகப் பணியாளர் வந்து முறைப்படி மின் நிறுத்தம் செய்யாமல் எவரையும் கம்பத்தில் ஏறச் செய்யலாகாது.

பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஒன்றுண்டு. கைபேசியால் மோட்டாரை இயக்கும் கருவிகள் இப்பொழுது எங்கும் பரவிவருகின்றன. தியாகராய நகரில் கடையில் வேலை பார்க்கும் மகன், அங்கிருந்தே ஊரிலுள்ள மோட்டாரைப் போடுகிறான், நிறுத்துகிறான். வயதான தந்தைக்கு இரவில் வயற்காட்டுக்கு நடக்கும் சிரமம் குறைந்தது, மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், மோட்டார் நின்றிருக்கிறதே என்று தந்தை பெட்டியைத் திறந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அதை அறியாத மகன் கைபேசியைத் தொட்டால் என்ன ஆகும்? தொலைவிலிருந்து இயக்கும் எந்தக் கருவியும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஆகாது. அது வேலையை நிறுத்துகிறதேயன்றி, அழுத்தத்தை அகற்றுவதில்லை.

கால்நடைகளையும் இங்கே நினைத்தல் தகும். அமெரிக்க விவசாயத் துறை, கறவை மாடுகளைத் தாக்கும் கசிவு மின்சாரத்தைப் பற்றி 1991-ஆம் ஆண்டில் ஒரு கைநூலே வெளியிட்டது. பசுவின் உடல் மின்சாரத்துக்கு மனித உடலைக் காட்டிலும் எளிதில் வழிவிடும். அதன் தடையைச் சுமார் 500 ஓம் என்று கொண்டால், ஒரு வோல்ட்டே 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை உண்டாக்கிவிடும். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்த மாடு துள்ளிப் பின்வாங்கினால், காத்து கருப்பு என்று எண்ணாமல், அருகிலுள்ள மோட்டாரையும் எர்த் கம்பியையும் சோதிக்கச் செய்யுங்கள்.

எனவே, ஒவ்வோர் ஊராட்சியும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

ஊராட்சிக் கட்டடங்களுக்குப் புதுவகைச் சுவிட்சு வாங்குவதானால் நியூட்ரல் இணைப்புள்ளதையே, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குதல், பருவமழைக்கு முன் அலுவலகம், அங்கன்வாடி, பள்ளி, நீரேற்று அறை ஆகியவற்றின் சுவிட்சுகள் பேஸ் கம்பியில் உள்ளனவா என்று மேற்சொன்ன நான்காம் சோதனையைக் கம்பியாளைக் கொண்டு செய்வித்தல், எர்த் குழிகளுக்குக் கோடையில் நீர் வார்த்தல், ஆர்.சி.சி.பி. இல்லாத இடங்களில் பொருத்துதல். சோதித்த நாளை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தல்.

மெயினை நிறுத்திய பின்பே தொடுக

இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. விளக்கை மாற்றினாலும், மோட்டாரைத் தொட்டாலும், பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் மெயின் சுவிட்சை முதலில் நிறுத்துங்கள். ஒற்றைக் கம்பியைத் துண்டிக்கும் எம்.சி.பி.யோ, பியூஸ் கட்டையோ போதாது. கம்பிகள் இடம் மாறியிருந்தால், அது நியூட்ரலை மட்டும் வெட்டிவிட்டுப் பேஸ் கம்பியை அப்படியே விட்டுவிடும். யு.பி.எஸ். இருந்தால் அதனையும் நிறுத்துங்கள். மெயினை நிறுத்தியவுடன் அது தானே விழித்துக்கொண்டு விளக்குக் கம்பிகளுக்கு மின்சாரம் அனுப்பும். அதன்பின் டெஸ்டரை முதலில் மின்சாரமுள்ள வேறோர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தொடவேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள். மெயினருகே வீட்டார் ஒருவர் நிற்கட்டும். பின்னர்த் தொடுங்கள்.

மயிலை வீட்டில் கிணற்றடிச் சுவிட்சை அன்றே திருத்திவிட்டார்கள். மெயின் பலகையில் ஆர்.சி.சி.பி.யும் ஏறிற்று. கூடத்துப் பலகைக்கு நியூட்ரல் கம்பி ஓட்டி, அதற்கேற்ற சுவிட்சு வைத்தபின் மினுக்கலும் நின்றது. இரவில் எழுந்து நடக்க அத்தைக்குச் சிறு இரவு விளக்கொன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

புதிய கருவிகளை வெறுப்பது அறிவன்று. அறியாமல் நம்புவதும் அறிவன்று. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பார்கள். அணைந்ததெல்லாம் மின்சாரம் நீங்கியதன்று என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துரைப்பார்களாக. வரும் ஐப்பசிக்கு முன் இதனைச் செய்துவிட்டால், ஏதேனும் ஓர் ஊரில் ஏணியில் ஏறும் ஒருவர் நலமாக இறங்கி வீடு திரும்புவார்.